அவிழ்க்கும் நேரம்

பொடி வைத்து ஊதுவது அண்ணனுக்குத் தொழில்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
அவன் ஒட்டிய வெள்ளிக் கண்ணிகள்
யார் யார் காலிலோ நடந்துகொண்டிருந்தன.
தனக்கோடி அண்ணியின் கொலுசு மட்டும்
அடகுக்கடை இரும்புப்பெட்டியில்
வாய் பொத்திக் கிடந்தது.

எனக்குச் சாமி கிடையாது.
அண்ணியிடம் அதைத்தான் சொன்னேன்.
"உங்க நம்பிக்கைய யாரு கேட்டா,
வண்டிதான் வேணும்" என்றாள்.

கொண்டை ஊசி வளைவு இருபது.
ஏழாவதில் நிறுத்தச் சொன்னான்.
தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு
பச்சைப் பித்தம் வரும்வரை குமட்டினான்.
ஒரு குரங்கு உற்றுப் பார்த்தது,
தின்ன ஒன்றுமில்லை என்று போய்விட்டது.

ஏற்காடு தாண்டி, காப்பித் தோட்டம் தாண்டி
கூரையில்லாத கருப்பனார்.
பூசாரி பொன்னாண்டி
இருநூறு பக்க நோட்டைப் பிரித்தார்.
பேர் ஐயந்துரை. ஊர் சேலம்.
"எத்தன மாசம்?"
"மூணு" என்றான் அண்ணன்,
வியாபாரியிடம் கூலி பேசும் குரலில்.
"கூட்டியாந்தவரு?"
அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.
மஞ்சள் கயிறு, எலுமிச்சை, நெற்றி நிறையத் திருநீறு.
"நீங்களா அறுக்கக் கூடாது.
குடிச்சே ஆவணும்னா இங்க வந்து அவுத்துக்கிட்டுப் போங்க.
அவுக்கறதுக்குக் காசு இல்ல."

நாற்பத்தோராம் நாள்
விடியுமுன் என்னை எழுப்பினான்.
"வண்டிய எடு. அவுக்கணும்."
கூட்டாளி மகளுக்கு அன்று காதுகுத்து.
நான் அண்ணியைப் பார்த்தேன்.
அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பி
ஹெல்மெட்டை எடுத்து நீட்டினாள்.
அந்தக் கை ஏன் நடுங்கவில்லை
என்று இன்னும் யோசிக்கிறேன்.

பூசாரி மிளகு பறிக்கப் போயிருந்தார்.
"வெளக்கு வெச்சப்புறந்தான் அவுப்பாங்க" என்றாள்
கோழிக்குத் தவிடு பிசைந்த அவர் மனைவி.

காத்திருந்தோம்.
வேல்கம்பிகளில் யார் யாரோ அவிழ்த்துப் போட்ட கயிறுகள்,
சாயம் போய், மழையில் நைந்து.
அண்ணன் எண்ணத் தொடங்கினான்.
நூற்றுப் பன்னிரண்டில்
மூடுபனி இறங்கிக் கணக்கைக் கலைத்தது.

மூன்று மணி வாக்கில்
ஓமலூரிலிருந்து ஒரு பையனைத்
தாய் கைத்தாங்கலாய்க் கூட்டி வந்தாள்.
கை பறக்கிற பறப்பில்
அவனால் செருப்பைக் கழற்ற முடியவில்லை.
அண்ணன் குனிந்து கழற்றிவிட்டான்.
அண்ணி நிரப்பிய தண்ணீரைக் கொடுத்து,
"எத்தனாவது வளைவுல?" என்றான்.
"பதினொண்ணுங்க."
"எனக்கு ஏழு" என்றான்
பரீட்சை மார்க் சொல்வதுபோல்.

விளக்கேற்றிவிட்டுப் பொன்னாண்டி கேட்டார்:
"அவுக்கறது யாருங்க?"
அண்ணன் கையை நீட்டினான்.
முடிச்சில் அவர் விரல் படும்போது
என்னிடம் திரும்பி மணி கேட்டான்.
ஏழரை.
"காதுகுத்து முடிஞ்சிருக்கும்" என்று
கையை இழுத்துக்கொண்டான்.
"இன்னொரு நாள் வர்றேங்க."
"வாங்க" என்றார். "நான் எங்க போவப்போறேன்."
அவரும் பொடி வைத்து ஊதுகிறவர்தான்.

பிறகு ஒருமுறை அவிழ்த்தான்.
பதினொரு நாள்.
அதைப் பற்றி எழுத மாட்டேன்.
பன்னிரண்டாம் நாள்
அண்ணி ஹெல்மெட்டை நீட்டினாள்.

நான்கு வருடம்.
அவுக்கணும் என்பான், ஏறுவோம்,
அவிழ்க்காமல் இறங்குவோம்.
கொலுசுக்கு இன்னும் வட்டிதான் போகிறது.
எனக்கு இன்னும் சாமி கிடையாது.
நோட்டில், கூட்டியாந்தவர் கட்டத்தில்
என் கையெழுத்து பதினேழு.

ஏழாவது வளைவில்
அவன் சொல்லாமலே வண்டி மெதுவாகிறது.
"போடா, போ" என்று
முதுகில் தட்டுகிறான்.